சம்பந்திக்குப் போன காலி டிஸ்க்

மதிப்பிற்குரிய சம்பந்தி சோமசேகரன் அவர்களுக்கு,

விழிதியூர் பூமிநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் ஞானசௌந்தரியும் சுகம். கீழவாஞ்சூரில் தாங்களும் தங்கச்சியும் சுகமாக இருக்கவும், தங்கள் கோபம் மட்டும் படுத்த படுக்கையாகிவிடவும் இறைவனை வேண்டுகிறேன்.

நான் அனுப்பிய டிஸ்க் காலியாக இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் புதுமனை புகுவிழாவுக்கு வரமாட்டீர்களாம். மாப்பிள்ளை நவநீதன் போனில் சொன்னார். சம்பந்தி முன்னால் நிற்காமல் பால் காய்ச்சினால் ஊர் வாயை எந்த மூடி போட்டு மூடுவது? நடந்ததைக் கேளுங்கள். அழைப்பிதழோடு நம் பிள்ளைகளின் கல்யாணப் படங்களையும் சேர்த்து அனுப்பினால் அசந்துபோவீர்கள் என்று நினைத்தேன். விழாவுக்காக வந்திருக்கும் என் மகள், அதாவது தங்கள் மருமகள் எழில்மதியும் தன் ஆப்பிள் லேப்டாப்பிலிருந்து எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் ஏற்றிக் கொடுத்தாள். சரிபார்க்கலாமே என்று என் விண்டோஸ் கம்ப்யூட்டரில் சொருகினேன். ஃபார்மேட் செய்யட்டுமா என்று இங்கிலீஷில் கேட்டது. ஒருத்தர் வாய்விட்டுக் கேட்டா இல்லன்னு சொல்ற வழக்கம் நம்ம குடும்பத்துல உண்டுங்களா? ஆமாம்னு அமுக்கிட்டேன். எல்லாம் அழிஞ்சிடும், பரவாயில்லையான்னு மறுபடியும் கேட்டுச்சு. என்ன பணிவுங்கிறீங்க! அதுக்கும் ஆமாம்னுட்டு, டிஸ்கை பஸ் கண்டக்டர்கிட்ட கொடுத்து அனுப்பிட்டேன்.

"அப்பா, இது வேற ஓ.எஸ்., அது வேற ஓ.எஸ்.! என் டிஸ்கைப் படிக்க உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதான் அழிக்கட்டுமான்னு கேக்குது!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் எழில்மதி. படிக்கத் தெரியலன்னா அழிச்சிடறதா? நல்லா இருக்கு நியாயம்!

அப்புறம் ரெண்டையும் ஒரே மேசையில, ஒரே வைஃபையில வச்சோம். பக்கத்து இலையில உக்காந்தும் பேசிக்காத பங்காளிங்க மாதிரி ஒண்ணை ஒண்ணு கண்டுக்கவே இல்ல. பொறுமை போயி, அவ லேப்டாப்புல ஏதோ ஒண்ணை அமுக்கினேன் பாருங்க, எங்க வைஃபையிலயே ஓடுற பக்கத்து வீட்டு மருதையன் டிவியில, சீரியல் நடுவுல, கல்யாணப் பந்தியில வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நான் சாம்பார் வாளியோட நிக்கிறேன்! "அண்ணே, எனக்கும் ரெண்டு கரண்டி ஊத்துங்க"ன்னு சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

கடைசியில் எழில்மதி என் கையைப் பிடித்து அப்பால் வைத்துவிட்டு, ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்தாள். படங்கள் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் வந்து இறங்கின. பந்தியில நீங்க அப்பளம் நொறுக்குறதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, சம்பந்தி. எல்லாம் இத்துடன் பென்டிரைவில் வருகிறது. கோபத்தை விட்டு அவசியம் வர வேண்டும்.

தங்கள் இல்லத்தில் எல்லா வளமும் பெருக வாழ்த்தும்,
பூமிநாதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது ஞானசௌந்தரி போனோடு வந்தாள். தங்கச்சியிடமே கேட்டுவிட்டாளாம். "கல்யாணப் படமெல்லாம் எழில்மதி அப்பவே எங்க செல்லுக்கு அனுப்பிடுச்சே அண்ணி. படத்த யாரு கேட்டா? இந்தா இருக்கு ஊரு. அண்ணன் நேர்ல வந்து, வெத்தல பாக்கு வச்சு, ஒரு வார்த்தை 'வாங்க'ன்னாரா?" என்றதாம். வெற்றிலைத் தட்டோடு கிளம்பிவிட்டோம். கடிதத்தையும் நானே எடுத்து வருகிறேன். இதைத் தாங்கள் படிக்கும்போது எதிரில்தான் நிற்பேன். தயவுசெய்து நிமிர்ந்து பார்த்து, என்னையும் ஒரு வார்த்தை 'வாங்க' என்று சொல்லுங்கள்.