பாலம் வரைக்கும்தான்

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைப் பழைய ரயில்பாதையில் நடக்கப் போவதென்று கலையரசன் முடிவெடுத்துவிட்டான்.

இது சாதாரண முடிவில்லை. ஸ்ரீரங்கத்தில் அவன் குடியிருக்கும் வீட்டில், காலை டிபனிலிருந்து கதவுக்கு அடிக்கும் பெயிண்ட் வரைக்கும் எல்லா முடிவையும் எடுப்பவள் அவன் மனைவி பானுப்ரியா. எடுத்த முடிவை அக்கம்பக்கத்தில் தன் முடிவென்று சொல்லிக்கொள்வது மட்டும் கலையரசன் வேலை. ஆனால் இது அவள் வேண்டாம் வேண்டாமென்று தடுக்கத் தடுக்க எடுத்தது. அதனால் ருசி கொஞ்சம் கூடுதல்.

வெள்ளிக்கிழமை அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பானுதான் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். ஜீயபுரம் தாண்டி ஒரு ஏரி. ஏரிக்கரையோடு ஒரு காலத்தில் சரக்கு ரயில் போன பாதை. தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது, மேடு மட்டும் இருக்கிறது. அதில் தொப்பி போட்டவர்கள் கையில் குச்சியோடு நடந்து போனார்கள். இந்த வெயிலில் யார் போய் நடப்பார்கள் என்று சிரித்துவிட்டு அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். இன்னொரு தடவை காட்டு என்றான் அவன்.

"வேணாங்க. பாலத்துக்கு அந்தப் பக்கம் எங்கப்பா ஊரு எல்லை. யாராச்சும் பாத்துட்டா உங்களுக்குத்தான் சங்கடம்."

அங்கேதான் அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏரி என்ன உங்கப்பா வெட்டுனதா? பாலம் வரைக்கும் போவேன். பாலத்தத் தொட்டுட்டுத் திரும்பிடுவேன். எவன் கேக்குறது?"

"நீங்க சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு, பானு பணியாரத்துக்கு அரிசி ஊறப்போடப் போய்விட்டாள். அவள் இவ்வளவு சுலபமாக இறங்கி வந்ததில் அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஜெயித்த சந்தோஷத்தில் அதற்கு நேரமில்லை.

மாமனார் ஊர் எல்லைக்கு அவன் ஏன் பயப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பானுவின் தம்பி சரவணன் கல்யாணத்தன்று, போட்டோகிராபர் பந்திக்குப் போன நேரத்தில் மாமனார் ரெங்கராஜ் சொந்தபந்தம் அத்தனை பேரையும் மேடைக்குக் கூப்பிட்டு நிறுத்தினார். தன் போனைக் கலையரசன் கையில் கொடுத்து, "மாப்ள, நீங்க எடுங்க" என்றார். எடுத்தான். அந்தப் படம் பெரிதாகி, சட்டம் போட்டு, மாமனார் வீட்டு ஹாலில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதில் சம்பந்தி வீட்டார் இருந்தார்கள். ஒன்றுவிட்ட பங்காளிகள் இருந்தார்கள். ஜெனரேட்டர் பார்க்க வந்த ஆள்கூட ஓரத்தில் பாதி உடம்போடு இருந்தான். வீட்டு மூத்த மாப்பிள்ளை மட்டும் இல்லை.

அவன் முகம் சுருங்கிக் கேட்டபோது ரெங்கராஜ் சிரித்துவிட்டார். படத்தைக்கூட மன்னித்திருப்பான், சிரிப்பை மன்னிக்க முடியவில்லை. நீங்களே வந்து வாய் நிறைய என்னைக் கூப்பிடுகிறவரை இந்தப் பக்கம் வரமாட்டேன் என்றான். அவரும் வாழைக்கொல்லையில் குரல் வளர்த்தவர். பேத்திக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டுமே, அப்போது தட்டோடு வந்துதானே ஆகணும் என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்த மகள் கனிஷ்கா இப்போது எல்.கே.ஜி. சேரப் போகிறாள். காது மூளியாகவே இருக்கிறது. பானு மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்வருவாள். ஒருநாள் கலையரசன், புத்தூரில் ஒரு கடையில் மெஷின் வைத்து டப்பென்று குத்திவிடுகிறார்கள், யார் மடியும் வேண்டாம் என்று சொன்னான். பானு சண்டை போடவில்லை. அன்று பிள்ளையைத் தூங்க வைக்கும்போது அந்தச் சின்னக் காதுமடலை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். சண்டை போட்டிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஞாயிறு வந்தது. ஏரியின் இந்த முனையில் வண்டியை நிறுத்திவிட்டு மூன்று பேரும் மேட்டில் ஏறினார்கள். பை கலையரசன் தோளில். பணியாரம், தண்ணீர், பிள்ளைக்கு மாற்று கவுன்.

ரயிலுக்காகப் போட்ட மேடு. ஏற்றம் இறக்கம் கிடையாது, சட்டென்று திரும்புவதும் கிடையாது. காலடியில் பழைய ஜல்லி நறநறத்தது. ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் வாழை. தண்ணீருக்குள் நின்ற கருவேல மரத்தில் நீர்க்காகங்கள் ரெக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. துணி காயப்போட இதுவல்லவா இடம் என்றாள் பானு.

"அப்பா, ரயிலு எங்க?" என்றாள் கனிஷ்கா.

"போயிடுச்சும்மா."

"எப்ப திரும்பி வரும்?"

வராது என்று சொல்ல வாயெடுத்தவன் பானுவைப் பார்த்தான். அவள் வாழைத்தோப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். அவனுக்கு என்னவோபோல் இருந்தது. அன்றைய கோபத்தைத் திரும்பக் கொண்டுவரலாமென்று முயன்று பார்த்தான். மாமனார் என்ன சட்டை போட்டிருந்தார் என்பதுகூட நினைவில்லை. கோபம் எப்போதோ போயிருந்தது. அது போட்ட மேடுதான் அப்படியே கிடந்தது. அதன்மேல் அவன் தினமும் நடந்துகொண்டிருந்தான்.

பாலம் வந்தது. ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடும் கலிங்குக்கு மேலே பழைய இரும்புப் பாலம். தண்டவாளம் இருந்த இடத்தில் ஓராள் நடக்கிற அகலத்துக்குத் தகடு பதித்து, இரண்டு பக்கமும் குழாய்க் கைப்பிடி போட்டிருந்தார்கள். கலையரசன் துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் சூப்பர்வைசர். இரும்பைப் பார்த்தால் சும்மா போக மாட்டான். பையை இறக்கி வைத்துவிட்டு, குனிந்து ரிவெட் ஆணியைத் தடவிப் பார்த்து, இந்தக் காலத்து வெல்டிங் இதற்கு முன்னால் நிற்குமா என்று பானுவுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தான்.

"தாத்தா" என்று கத்தினாள் கனிஷ்கா.

எதிர்முனையில் வெள்ளை வேட்டி, பச்சைத் துண்டு. ரெங்கராஜ்தான். பிள்ளை தகட்டின்மேல் ஓட ஆரம்பித்துவிட்டது. கீழே கலிங்கின் கருங்கல். கலையரசன் பின்னாலேயே ஓடினான். அந்தப் பக்கத்திலிருந்து அவரும் ஓடிவந்தார். தகடு தடதடவென்று அதிர்ந்தது. பாலத்தின் நடுவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பேத்தி தாத்தா கையில் ஏறிவிட்டாள். கலையரசன் அவருக்கு நேர் எதிரே போய் நின்றான். கை நீட்டினால் தொட்டுவிடலாம். நீட்டவில்லை.

இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"கனிம்மா, உங்கப்பாவக் கொஞ்சம் பின்னால போகச் சொல்லு" என்றார் ரெங்கராஜ். "தாத்தாவுக்கு முட்டி புடிச்சிக்கிச்சு. திரும்ப முடியாது."

"கனி, தாத்தாகிட்ட சொல்லு. நான் பாலம் வரைக்கும்தான் வந்தேன். பாலத்துலதான் நிக்கிறேன். நான் ஏன் பின்னால போகணும்?"

"ரயிலு வந்த காலத்துலயே ஒண்ணு வந்தா இன்னொண்ணு ஒதுங்கும். அதச் சொல்லு."

"எது ஒதுங்கும்னு கேளு."

கனிஷ்கா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவரையும் இவரையும் மாறிமாறிப் பார்த்தாள். ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டி மூக்கோடு மூக்கு வந்து நின்றால் ஸ்டேஷன் மாஸ்டர்தான் வர வேண்டும். இங்கே அந்த வேலைக்குத் தகுதியான ஒரே ஆள் கரையில் உட்கார்ந்து பணியாரம் தின்றுகொண்டிருந்தாள்.

"மூச்சா வருது" என்றாள் கனிஷ்கா.

ரெங்கராஜ் அவளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"தாத்தா மேல போயிடுவேன்."

திரும்பவே முடியாத முட்டி அந்த நிமிஷமே திரும்பியது. அவர் பக்கத்துக் கரைதான் கிட்டே இருந்தது. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக நடந்தவர், பழக்க தோஷத்தில் தலையைத் திருப்பி, "வாங்க மாப்ள, பாத்து வாங்க. அந்தத் தகடு ஆடும்" என்றார்.

கலையரசன் நின்றுவிட்டான். சொல்லியாகிவிட்டது. நேரில், வாய் நிறைய, மாப்பிள்ளை என்றும் சேர்த்து. சொன்னவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். முதுகு ஒரு கணம் விறைத்தது. ஆனால் பிள்ளை அவசரம், யாரும் எதையும் வாபஸ் வாங்க நேரமில்லை.

"கூப்பிடுறாங்கள்ல, போங்க" என்றது பின்னாலிருந்து பானுவின் குரல்.

போனான்.

மறுகரையில் புங்கமரத்தடியில் மாமியார் மாரியாயி டிபன் கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஞாயிறு தவறாமல் அங்கேதான் சாப்பிடுகிறவள் மாதிரி, "வாங்க தம்பி" என்று இலையைத் துடைத்தாள். பேத்தியை வாங்கிக்கொண்டு புதர்ப்பக்கம் போனாள்.

ரெங்கராஜ் புல்லைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார். பிறகு தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்.

"மத்தவன் எவன் எடுத்தாலும் எங்க தலையெல்லாம் வெட்டிடுறானுவ மாப்ள. நீங்க எடுத்தாத்தான் அத்தன பேரும் முழுசா வருவோம். அந்த நெனப்புலதான் குடுத்தேன். அதுல நீங்க இல்லங்கிறதே நீங்க கேட்டப்பதான் எனக்குத் தெரியும். என்ன சொல்றதுன்னு தெரியாம சிரிச்சுட்டேன்."

 கலையரசன் எவ்வளவோ வசனம் தயாராக வைத்திருந்தான். அவன் வாயிலிருந்து வந்தது வேறு.

"தை மாசம் கனிக்குக் காது குத்திடலாம் மாமா. சரவணன மடியில வச்சுக்கச் சொல்லுங்க. நாங்க முறையா தட்டோட வந்து கூப்பிடுறோம்."

"நீங்க வாயால சொன்னதே போதும்."

பையோடு அப்போதுதான் வந்து சேர்ந்த பானு, அதைக் கேட்டு ஏரிப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெயில் கண்ணில் பட்டது போலிருக்கிறது, முந்தானையால் துடைத்தாள்.

சாப்பிட்டு முடித்து, அம்மாவும் மகளும் பாத்திரம் கழுவத் தண்ணீருக்கு இறங்கினார்கள். பிள்ளை கல் பொறுக்கிக்கொண்டிருந்தது. மரத்தடியில் ஆண்கள் இரண்டு பேரும் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் முகத்திலும் பெரிய காரியத்தைத் தனியாளாக முடித்த தெளிவு.

"நல்லவேளை இந்தப் பக்கம் வந்தீங்க மாப்ள. யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும் மாமா? நானா முடிவு பண்ணேன்" என்றான் கலையரசன், பணியாரத்தைக் கடித்தபடி. "பானு வேணாம் வேணாம்னுதான் சொன்னா."

ரெங்கராஜ் மெல்லுவதை நிறுத்தினார். தண்ணீரோரம் குனிந்திருந்த இரண்டு முதுகுகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்கத்தையும் அப்படித்தான் மாப்ள சொன்னா."