மச்சினன் சோபா வாசல் தாண்டாது

“கூலி கைக்கு வராம அந்தச் சோபா என் வாசலைத் தாண்டாது. தாண்டினா நான் மனுஷனே இல்ல!”

சோபாவுக்கு மெத்தை தைப்பது அவர் தொழில். தெருவில் அவருக்குச் ‘சுடுதண்ணி’ என்று பெயர். கொதிக்க அடுப்பு வேண்டாம். மச்சினன் பேச்சை எடுத்தால் போதும்.

இந்த முறை கோபத்தில் நியாயம் இருந்தது. டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அந்த மச்சினன், எலும்பும் தோலுமாக ஒரு சோபாவைக் கடையில் கொண்டுவந்து போட்டான். இவர் ஸ்பிரிங் மாற்றி, புது ஃபோம் வைத்து, பச்சை வெல்வெட் போர்த்தி, பத்தே நாளில் அதைப் புது மாப்பிள்ளை மாதிரி ஆக்கினார். மச்சினன் வந்தான். உட்கார்ந்தான். இரண்டு தடவை குதித்துப் பார்த்தான்.

“பிரமாதம் மாமா! கூலியை மெதுவாத் தரேன். நமக்குள்ள என்ன?”

நமக்குள்ள என்னவா! கடைக்கு நாற்காலியைத் தைக்கக் கொடுக்க வந்த வக்கீலிடம் கொட்டித் தீர்த்தார். வக்கீல் சிரித்தார். “வேலை பார்த்த பொருள் உங்க கையில இருக்கிறவரைக்கும், கூலி வாங்காம குடுக்க வேண்டியதில்ல. கையை விட்டுப் போனா உரிமையும் போச்சு. இதுக்குப் பற்றுரிமைன்னு பேரு.”

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் முழங்கினார்.

“எனக்குப் பத்துரிமை இருக்கு, தெரியுமா?”

“பத்தா? ஒண்ணொண்ணா சொல்லுங்க.”

“பத்து இல்லடி, பற்று! உன் தம்பி கூலி தர்ற வரைக்கும் சோபா என் பிடியில!”

தம்பிக்குப் பரிந்துகொண்டு வருவாள், அவளையும் சேர்த்துத் திட்டலாம் என்று நாக்கைத் தீட்டிக்கொண்டு நின்றார். அவளோ, “நியாயம்தானே. ஆனா கடையில வச்சா, நீங்க டீ குடிக்கப் போற நேரம் வண்டியில ஏத்திட்டுப் போயிடுவான். இங்க கொண்டு வாங்க, நான் பார்த்துக்கறேன்” என்றாள்.

பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக மனைவி அவர் கட்சி! கூடத்திலிருந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும் சமையலறைக்குப் போயின. பச்சை சோபா கொலுவீற்றிருந்தது. மச்சினன் ஃபோனை இனி எடுப்பதில்லை என்றும் சபதம் போட்டார். சொல்வதை அக்காவிடம் சொல்லட்டும்.

தினமும் கடையிலிருந்து வந்ததும் கேட்பார். “என்ன சொல்றான் உன் தம்பி?”

சோபாவில் சாய்ந்திருப்பவள் கண்ணைத் திறப்பாள். “எந்தக் கோர்ட்டுக்கு வேணா போகச் சொல்லுன்னான்.”

“போவேன்டி!”

மறுநாள், “தையல் கோணலாம்.”

“என் தையலா கோணல்? அவன்கிட்ட வண்டி ஓட்டக் கத்துக்கிட்டவன் எல்லாம் தெருவுல கோணலாப் போறான், அதைப் பார்க்கச் சொல்லு!”

அதற்கு மறுநாள், “நீங்களே இறங்கி வந்துடுவீங்களாம்.”

இவர் இறங்கவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை.

மூன்று வாரம் இப்படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் வண்டி வந்து நின்றது. மச்சினன் இறங்கும்போதே கத்தினான்.

“ஃபோனை ஏன் மாமா எடுக்க மாட்டேங்கறீங்க? இது நியாயமா?”

“நியாயம் பேச வந்துட்டியா? கூலி குடுக்காதவனுக்கு ஒரு ஆணிகூடக் கிடையாது! சட்டம் தெரியுமாடா உனக்கு?”

“எந்தக் கூலி? சோபா இங்க வந்த மறுநாளே அக்கா கையில குடுத்துட்டேனே! வார்னிஷ் காயல, வார்னிஷ் காயலன்னு அக்காதான் சொல்லிட்டிருக்கு. மூணு வாரம் காயற வார்னிஷை எங்க மாமா வாங்கறீங்க?”

தெருவே எட்டிப் பார்த்தது. கூலி கொடுத்தாயிற்று என்றால் உரிமையும் அன்றைக்கே தீர்ந்துபோயிற்று. இத்தனை நாள் அடுத்தவன் சொத்தை அநியாயமாகப் பிடித்து வைத்திருந்தவர் இவர்தான்! பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு முனையைத் தானே தூக்கி வண்டியில் ஏற்றினார். உள்ளே பாய்ந்தார்.

“ஏன்டி மறைச்சே?”

“சொன்னா அன்னைக்கே தூக்கிக் குடுத்திருப்பீங்க. ஊருக்கெல்லாம் மெத்தை தைக்கிறீங்க. நான் பதினாறு வருஷமா பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்து இடுப்பே போச்சு. மூணு வாரம் மெத்தையில உட்கார்ந்தது குத்தமா?”

சுடுதண்ணிக்குக் கோபத்தை விட மனசில்லை.

“அந்தக் கூலி எங்க?”

கட்டிலடியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்துப் போட்டாள். சிவப்பு வெல்வெட், ஃபோம், ஸ்பிரிங்.

“மரச்சட்டம் நாளைக்கு ஆசாரி கொண்டு வரார். நமக்கு ஒண்ணு தைங்க. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சிடணும்.”

“அப்படி என்னடி அவசரம்?”

“தம்பி குடும்பத்தோட வரான்.”