முந்திக்கொண்ட ஆமென்

பெண் பார்க்கப் போன இடத்தில் "என்ன வேலை?" என்று கேட்டால், சம்பளத்தை மட்டும் சொல்லிவிட்டு முந்திரிக்கொத்தைத் தின்பவனுக்குத்தான் கல்யாணம் நடக்கும். நானோ வேலையை விளக்கினேன்.

கிறிஸ்மஸ் கீதப் பவனியில் பெனிலாவைப் பார்த்ததிலிருந்தே எனக்குத் தூக்கம் போயிருந்தது. அம்மாவின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சித்தான் தக்கலையில் அவள் வீட்டுக்குப் போயிருந்தோம். முதல் ஜெபம் முடிந்ததும் அவளுடைய பெரியப்பா ஆரம்பித்தார்.

"தம்பி என்ன ஆராய்ச்சி செய்யியோ?"

"மனுஷ மூளையில உள்ள வட்ட ஆர்.என்.ஏ."

(அத்தோடு வாயை மூடியிருக்கலாம். மூடினால் அது நானா?) கைக்கடிகாரத்தைக் கழற்றி வாரை நீட்டிக் காட்டினேன். "சாதாரண ஆர்.என்.ஏ இப்படி. ரெண்டு முனை உண்டு. செல்லுக்குள்ள இருக்க நொதி முனையிலேருந்து கடிச்சுத் தின்னுரும்." வாரை மாட்டினேன். "இது வட்டம். கடிக்க முனை கிடையாது. அதனால ரொம்ப நேரம் அழியாம கெடக்கும். மூளையில இது ஏராளம்."

"மூளைக்கு எங்க போவியோ?"

"செத்தவங்க மூளைதான். வீட்டுக்காரங்க தானமா தருவாங்க. நானே வெட்டி எடுப்பேன்."

"வெறுங்கையாலயா?" என்றார் பெனிலாவின் அம்மா.

"சேச்சே, கையுறை போடுவேன் ஆன்ட்டி. கை பட்டா ஆர்.என்.ஏ கெட்டுப்போவும்லா?"

எல்லாரும் என் கையிலிருந்த முந்திரிக்கொத்தைப் பார்த்தார்கள். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

பெனிலா மட்டும் நிமிர்ந்து கேட்டாள். "அழியாம இருந்து அது என்ன செய்யும்?"

"முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது."

சிரித்தாள். ஐயோ, அந்தச் சிரிப்பு!

எங்கள் சபைக்காரர்கள் வேண்டாம் என்பதை முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். கண்ணை மூடி ஆண்டவரிடம் சொல்லிவிடுவார்கள். முடிவு ஜெபத்தில் பெரியப்பா குரலை உயர்த்தினார். "ஆண்டவரே, இந்தத் தம்பிக்கு ஏற்ற துணையை வேறொரு வீட்டிலே ஆயத்தப்படுத்தி வைத்திருக்கிறீரே, ஸ்தோத்திரம்!"

"ஆமென்!"

முதலில் கத்தியது நான்தான். சின்ன வயசுப் பழக்கம். ஸ்தோத்திரம் காதில் விழுந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். என்னைத் தொடர்ந்து அம்மாவும் கூடமும் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அவர் என்ன ஜெபித்தார் என்றே எனக்கு உறைத்தது.

இன்றும் எங்கள் வீட்டில் ஜெபம் தொடங்குமுன் அக்கா விடமாட்டாள். "ஏலே, முழுசா கேட்டுட்டு ஆமென் சொல்லு, என்னா?" எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பெனிலா கல்யாணமாகித் துபாய்க்குப் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. எனக்குத்தான் இன்னும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அன்று பதறிக் கண்ணைத் திறந்தபோது அவள் உதட்டை அசைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூடத்தில் ஆமென் சொல்லாதவள் அவள் ஒருத்திதான்.