எஞ்சின் வைத்தியம்

சக்கரம் ஃபிரிட்ஜுக்கு அடியில் ஓடிவிட்டது.

டைம்டேபிள் சார் தரையில் குப்புறப் படுத்து, மர ஸ்கேலை உள்ளே விட்டுத் துழாவினார். சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லாத பித்தளைச் சக்கரம். ஸ்கேல் நுனியில் 'டிக்' என்று பட்டது. பட்ட வேகத்தில் இன்னும் ஒரு சாண் உள்ளே போய்விட்டது.

"என்னங்க பண்றீங்க?" மனைவி பால் பாத்திரத்தோடு வந்து நின்றாள்.

"மனசை அமைதிப்படுத்திக்கிட்டு இருக்கேன்!" என்று தரையிலிருந்து கத்தினார் அவர்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூடத்தின் கால அட்டவணை அவர் கையில். காலையில் மூன்று பேர் லீவு என்று போன் வரும். மணி அடிப்பதற்குள் மூன்று வகுப்புக்கும் ஆள் பிடித்துப் போட வேண்டும். போட்டுப் போட்டு, அவருக்கு உட்காருவதே மறந்து போயிற்று. சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் இறங்க நாலு நிறுத்தம் இருக்கும்போதே எழுந்து போய் வாசலில் நிற்பார்.

போன வாரம் டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். நூற்று எழுபதுக்கு நூறு.

"மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும்," என்றார் டாக்டர். "உங்களுக்கு உடனே ஒரு பொழுதுபோக்கு வேணும்." சீட்டில் மாத்திரைக்குக் கீழே எழுதினார்: பழைய பித்தளை மாடல் ரயில் எஞ்சின், ஒன்று. பிரிக்கவும். துலக்கவும். ஓட்டவும்.

"புதுசு வாங்கலாமா டாக்டர்?"

"கூடவே கூடாது. பழசுலதான் வேலை இருக்கும். வேலையிலதான் அமைதி இருக்கும். பின்பக்கத் தெருவுல ஒரு பழைய சாமான் கடை இருக்கு, கேட்டுப் பாருங்க."

கடைக்காரர் செருப்பு டப்பாவில் வைத்துக் கொடுத்தார். ஒரு சாண் நீளத்தில், கறுப்புப் பெயிண்ட் சொறி பிடித்து உரிந்த எஞ்சின். கூடவே வளையமாக இணைக்கத் தண்டவாளத் துண்டுகள், திருகுகிற குமிழ் வைத்த ஒரு மின்பெட்டி.

விஷயம் தலைமையாசிரியை காதுக்கும் போயிற்று. "ஒரு மாசம் பார்ப்போம் சார். பிரஷர் குறையலைன்னா டைம்டேபிளைக் கம்ப்யூட்டர் சார்கிட்ட கொடுத்துடலாம். உடம்புதானே முக்கியம்?" என்று பரிவோடு சொன்னார். டைம்டேபிள் சார் தலையை ஆட்டிவிட்டு வந்தார். டைம்டேபிள் போனால் வேலை மட்டுமா போகும், பெயரே போய்விடுமே!

ஆகவே அமைதி அவசரமாகத் தேவைப்பட்டது. ஃபிரிட்ஜை இரண்டு கையாலும் தள்ளினார். அடியில் 'கறுக்' என்று ஒரு சத்தம். சக்கரம் கிடைத்துவிட்டது. வட்டமாகப் போனது, முட்டை வடிவில் வந்தது.

"தம்பியைக் கூப்பிடட்டுமா?" என்றாள் மனைவி.

"வேண்டாம்!" என்று அவர் சொல்வதற்குள் மச்சான் வாசலில் நின்றான். மச்சான் எலக்ட்ரீஷியன். 'தெரியாது' என்ற சொல்லை அவன் வாய் பிறந்ததிலிருந்து உச்சரித்ததில்லை.

"சக்கரம் கிடக்கட்டும் அத்தான். முதல்ல பெயிண்டை எடுக்கணும். என்கிட்ட ஒரு திரவம் இருக்கு. கதவுப் பெயிண்டே தோலு மாதிரி உரிஞ்சு வரும்."

மோட்டாரை மட்டும் கழற்றி எடுத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் எஞ்சினை வைத்து, திரவத்தை ஊற்றி, மூடிவிட்டு இருவரும் டீ குடித்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் பெயிண்ட் உரிந்திருந்தது. டப்பாவும் உரிந்திருந்தது. பிளாஸ்டிக் இளகிக் குழம்பாகி எஞ்சினை இறுகக் கட்டிப் பிடித்திருந்தது.

"பதறாதீங்க அத்தான். சூடு காட்டினா பிளாஸ்டிக் சொட்டிடும்."

மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், நன்றாகக் கழுவித் துடைத்து, கேஸ் டார்ச்சைக் காட்டினான். பிளாஸ்டிக் சொட்டியது. பின்னாலேயே புகைபோக்கி விழுந்தது. மணி விழுந்தது. விளக்கு, படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, டிரைவர் நிற்கிற அறையின் கூரை என்று ஒவ்வொன்றாகப் பொலபொலவென்று உதிர்ந்தன.

டைம்டேபிள் சார் குனிந்து துண்டுகளை எண்ணத் தொடங்கினார்.

மச்சான் ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "எல்லாத்தையும் ஈயம் வெச்சு ஒட்டியிருக்கான். சூட்டுல விட்டுடுச்சு. நல்லதாப் போச்சு அத்தான், பிரிக்கணும்னுதானே டாக்டர் சொன்னாரு?"

நாற்பத்தோரு துண்டுகளை முட்டை அட்டைகளில் குழிக்கொன்றாக அடுக்கிக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார் அவர். புகைபோக்கிக்குச் சூடு வைத்து ஒட்டினார். பக்கத்திலிருந்த மணி கழன்றது. மணியை ஒட்டினார், புகைபோக்கி சாய்ந்தது. இரண்டையும் பிடித்துக்கொண்டு கம்பியை ஒட்டினார், மூன்றும் விழுந்தன. ஒருத்தரைக் கெஞ்சி வகுப்புக்கு அனுப்பினால் இன்னொருத்தர் லீவுச் சீட்டோடு வந்து நிற்கிற அதே கதை. பள்ளியிலும் புகைபோக்கி, வீட்டிலும் புகைபோக்கி, கண்ணை மூடினாலும் புகைபோக்கி.

மூன்றாம் நாள் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார்.

"சார், டிராயிங் டீச்சர் ரெண்டாவது பீரியட்ல ஒரே நேரத்துல மூணு வகுப்புல இருக்காங்க."

"மன்னிச்சுக்கோங்க மேடம், கை தவறிடுச்சு."

"அதை விடுங்க. ஒன்பதாம் வகுப்புக்குக் கடைசி பீரியட்ல 'புகைபோக்கி'ன்னு போட்டிருக்கீங்களே, அந்தப் பாடத்தை யார் எடுக்கிறாங்க?"

கதவருகே நின்றிருந்த கம்ப்யூட்டர் சார் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டார். டைம்டேபிள் சாருக்குக் காது மடல் கொதித்தது.

அன்று மாலை ஈயக்கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, மனைவி சமையலறையிலிருந்து ஒரு பச்சை உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டிக்கொண்டு வந்தாள். ஒட்டி முடித்திருந்த பக்கத்தை அதற்குள் அழுத்திச் செருகினாள்.

"இப்ப அந்தப் பக்கம் சூடு வைங்க. இந்தப் பக்கம் ஈரத்துல குளிர்ச்சியா இருக்கும், கழலாது."

வைத்தார். கழலவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பா நகைப் பட்டறையில இப்படித்தான் பண்ணுவாரு."

"அடிப்பாவி, அதை முதல் நாளே சொல்லக் கூடாதா?"

"நீங்க அமைதியா இருக்கீங்களே, கெடுப்பானேன்னு இருந்தேன்."

"அப்போ உன் தம்பிக்கும் இது தெரிஞ்சிருக்கணுமே?"

"அவன் பட்டறைப் பக்கம் வந்தாலே அப்பா பூட்டைத் தேடுவாரு."

இரண்டு கிலோ உருளைக்கிழங்கில் எஞ்சின் மறுபடி எஞ்சினாயிற்று. துலக்கியதும் பொன்னாக மின்னியது. மேஜையில் தண்டவாளத்தை வளையமாகப் போட்டு, மின்பெட்டிக் குமிழைத் திருகினார். எஞ்சின் புறப்பட்டது. பின்பக்கமாக.

"ரெண்டு ஒயரை மாத்திட்டா முன்னாடி போகும், இது ஒரு வேலையா?" என்றபடி மச்சான் வந்துவிட்டான். ஒயரை மாற்றினான். கூடவே, யாரும் கேட்காமலே, "வேகம் பத்தலை" என்று பெட்டிக்குள் எதையோ நோண்டினான்.

எஞ்சின் முன்பக்கமாகத்தான் போனது. முதல் வளைவில் தண்டவாளம் வளைந்தது, எஞ்சின் வளையவில்லை. மேஜையைத் தாண்டிப் பறந்து, ஊற வைத்திருந்த துணி வாளிக்குள் தலைகுப்புற விழுந்தது. உள்ளே டைம்டேபிள் சாரின் ஐந்து வெள்ளைச் சட்டைகள். எஞ்சினுக்குள் அன்று காலைதான் அவர் தாராளமாகப் பூசியிருந்த கருப்பு கிரீஸ்.

அந்த வாரம் முழுக்க மச்சானின் பூப்போட்ட சட்டைகளில் அவர் பள்ளிக்கூடம் போனார். "சார் ரொம்ப ரிலாக்ஸா இருக்கார் போல," என்று தலைமையாசிரியை சொன்னதாகக் காதில் விழுந்தது. பாராட்டா குத்தலா என்று யோசித்தே நாலு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மாதம் முடிகிற அன்று பிற்பகல், மச்சானை வெளியே நிறுத்திக் கதவைத் தாழ்போட்டுவிட்டு, குமிழை மெதுவாகத் திருகினார். துடைத்துக் காயவைத்திருந்த எஞ்சின் நகர்ந்தது. முட்டைச் சக்கரத்தால் சுற்றுக்கொரு தரம் விந்தியது, ஆனால் ஓடியது. வளைவில் திரும்பியது. மறுபடி வந்தது.

"ஓடுதுங்க!" மனைவி குழந்தை மாதிரி கை தட்டினாள். "உட்காந்து நிம்மதியாப் பாருங்க."

எங்கே உட்காருவது? அடுத்த வளைவில் கவிழ்ந்துவிட்டால்? இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு எஞ்சினோடு சேர்ந்து மேஜையைச் சுற்றி ஓடினார். எஞ்சின் நாற்பது சுற்று ஓடியது. அவரும் நாற்பது சுற்று. வேர்க்க விறுவிறுக்க, அப்படியே கிளினிக்குக்குப் போனார்.

டாக்டர் பட்டையை அவிழ்த்தார். நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றுப் பத்து.

"டாக்டர், நீங்க சொன்ன மாதிரியே பிரிச்சேன், துலக்கினேன், ஓட்டினேன்..." அழுதுவிடுவார் போலிருந்தது. "என் டைம்டேபிள் போயிடும் டாக்டர்."

"கவலைப்படாதீங்க. உங்க உடம்புக்கு ஒரு எஞ்சின் பத்தலை. டோஸைக் கொஞ்சம் ஏத்திப் பார்ப்போம்." நிதானமாகப் புன்னகைத்து, சீட்டில் எழுதினார்: மாத்திரை, காலை மாலை. பழைய பித்தளை எஞ்சின், இரண்டு.

வெளியே டோக்கன் கொடுக்கிற பெண்ணின் மேஜை முன்னால் டைம்டேபிள் சார் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, மறைக்காமச் சொல்லு. இந்த எஞ்சின் வைத்தியத்துல யாருக்காவது பிரஷர் இறங்கியிருக்கா?"

அவள் நிமிர்ந்து பார்த்து மலர்ந்து சிரித்தாள்.

"இறங்காம என்ன சார்? டாக்டரோட மாமனார் செத்தப்ப இவர் வீட்டுல அடைச்சுட்டுப் போன அறுபது எஞ்சின்ல, அந்தப் பழைய சாமான் கடை வழியா வித்தது போக இன்னும் அஞ்சுதான் பாக்கி, நம்ம டாக்டருக்கு இப்ப பிரஷர் நூத்தி இருபதுக்கு எண்பதுல அப்படியே நிக்குது!"