தெப்பக்காட்டில் இல்லாத ஆள்

ஜெகதளா,
சனிக்கிழமை.

அன்பும் மரியாதையும் மிக்க ஞானசுந்தரி அக்காவுக்கு,

தம்பி சில்வஸ்டர் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் உங்கள் தம்பி பெண்டாட்டி கெஸியாவும் குளிரைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். உங்கள் உடம்பு தேவலையா? போனில் பேசினால் உங்களுக்குப் பாதிதான் காதில் விழுகிறது. அந்தப் பாதியையும் அத்தான் வேறு மாதிரி திருப்பிச் சொல்லிவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

என் சிறுகதைப் புத்தகம் வந்துவிட்டது உங்களுக்குத் தெரியும். அருவங்காடு ஃபேக்டரியில் ஸ்டோர்ஸ் கிளார்க்காகவே காலம் தள்ளி ரிட்டையர் ஆனவன் எழுத்தாளன் ஆனால் தலை கொஞ்சம் கனக்கத்தானே செய்யும்? பால் வாங்கப் போனால்கூட அட்டை வெளியே தெரிகிற மாதிரி புத்தகத்தைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். பாடகர் குழு பிராங்ளின் அதை வாங்கி முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "நல்லாருக்குதுங்க. யாருங்க எழுதிக் குடுத்தது?" என்றார். என்னோடு வேலை பார்த்த செல்லதுரை, காகிதம் நல்ல கனம் என்று பாராட்டினார். அதற்குமேல் எதையும் பாராட்டவில்லை. இதெல்லாம் போகட்டும், ஞாயிறு ஆராதனையில் நம் போதகர் அறிவிப்புக் கொடுத்தாரே, அதுதான் பெரிய கூத்து. "நம் சபையின் சகோதரர் சில்வஸ்டர் ஒரு ஜெபப் புத்தகம் எழுதியிருக்கிறார்" என்றுவிட்டார். எழுந்து திருத்தலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், அது நன்றாக இருந்தது, உட்கார்ந்துவிட்டேன். அன்று சாயங்காலமே ஃபெபி டீச்சர் வீட்டில் குடும்ப ஜெபத்தில் முதல் கதையைச் சத்தமாக வாசித்திருக்கிறார்கள். அந்தக் கதையில் ஒரு பெண் லாரி டிரைவருடன் ஓடிப்போகிறாள். அவள் லாரியில் ஏறுகிறவரை எல்லோரும் முழங்காலில்தான் இருந்தார்களாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித் தையல் கடை வைத்திருப்பவர் ஜெயஸ்ரீ. அவர் கணவர் நல்லசிவம் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டியவர்; ஒருநாள் லீவு சொல்லிவிட்டுப் போனவர்தான், பல வருஷமாகத் தகவலே இல்லை. சத்தியமாக நான் அவரை நினைத்து எழுதவில்லை அக்கா. ஆனால் புத்தகத்தின் கடைசிக் கதையில் வீட்டைவிட்டுப் போன ஒருவன் தெப்பக்காடு யானை முகாமில் யானைகளுக்கு ராகிக் களி கிண்டிக்கொண்டிருக்கிறான். மனைவி தேடிப் போனதும் அழுது மன்னிப்புக் கேட்டுத் திரும்பி வருகிறான். அதைப் படித்துவிட்டு ஜெயஸ்ரீ வந்து, "ஏனுங்ண்ணா, அந்த ஆளை நீங்க நேர்ல பாத்தீங்களா?" என்று கேட்டார். இல்லையம்மா, கற்பனை என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் என் எழுத்து ஒரு மனுஷியை இப்படி நம்ப வைத்துவிட்டதே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பூரிப்பு. "எழுதறவங்களுக்குச் சிலது தெரியுமுங்க" என்று சொல்லித் தொலைத்தேன். மறுநாள் காலையில் பையோடு வாசலில் நிற்கிறார். "போலாமுங்களா?" நான் கெஸியாவைப் பார்த்தேன். அவள் என் ஸ்வெட்டரை எடுத்து நீட்டி, "நீங்க அனுப்பி வச்ச ஆளுதானே, நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

ஊட்டியில் மசினகுடி பஸ் ஏறினோம். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் கல்லட்டி இறக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவு வந்தது. கடைசியில் வாயிலிருந்து வந்தது உண்மையல்ல, காலையில் சாப்பிட்ட உப்புமா. ஜெயஸ்ரீதான் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டு, முகர்ந்து பார்க்க எலுமிச்சம்பழமும் கொடுத்தார். எனக்கு அழுகை வந்தது; வாந்தியால் என்று நினைத்துக்கொண்டார்.

முகாமில் அவர்தான் முன்னால் போனார். "இவரு கதை எழுதறவருங்க, ஒருத்தரைப் பத்தி விசாரிக்க வந்திருக்கறாரு" என்று என்னைக் காட்டினார். கருப்புசாமி என்றொரு பாகன் நல்லசிவத்தின் போட்டோவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பழைய ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினார், களி கிண்டுகிறவர்களும் கை துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார்கள். "இந்த முகம் இங்க வந்ததேயில்லீங்கம்மா" என்றார் கருப்புசாமி. சரிங்க என்று போட்டோவைப் பைக்குள் வைத்துவிட்டு, யானைகள் களியுருண்டை வாங்கித் தின்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார் ஜெயஸ்ரீ.

திரும்புகிற பஸ்ஸில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அம்மா, அத்தனையும் என் கற்பனை. என் கர்வத்தால உங்களை அலைய விட்டுட்டேன், மன்னிச்சுக்குங்க."

ஜெயஸ்ரீ சிரித்தார். "கதைன்னு எனக்குத் தெரியாதுங்களாண்ணா? உங்க ஆளு மன்னிப்புக் கேக்கறான். எங்க ஊட்டுக்காரரு செத்தாலும் கேக்கமாட்டாரு. அந்த இடத்துலயே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் எதுக்குங்க வந்தீங்க?"

"கதையா இருந்தாலும் ஒருக்காப் போய்ப் பாத்துட்டா மனசு அடங்குமில்லீங்களா? தனியாப் போய்ப் புருசனைக் காணமுன்னு கேட்டா ஒரு மாதிரி பாப்பாங்க. நீங்க கூட வந்தா, எழுதறவரு கதைக்காக விசாரிக்கறாருன்னு நெனச்சு விட்டுருவாங்க."

அக்கா, என் இலக்கியத்தால் இந்த உலகத்துக்கு இதுவரை கிடைத்த பயன் இது ஒன்றுதான். எனக்கு அது போதும். இனி நான் எழுத்தாளன் என்று யாரிடமும் சொல்லப்போவதில்லை, எழுதப்போவதுமில்லை. பேனாவை மளிகைச் சீட்டு எழுத கெஸியாவிடம் கொடுத்துவிட்டேன்.

அத்தானுக்கு எங்கள் தோத்திரம். பேரப்பிள்ளைகளுக்கு முத்தங்கள். கர்த்தர் உங்களைச் சுகமாக வைத்திருக்கட்டும்.

உங்கள் பணிவுள்ள தம்பி,
சில்வஸ்டர்

பி.கு.: உறையில் போடுமுன் இதை மூன்று தடவை படித்தேன். நானே சொல்லக்கூடாது, நன்றாக வந்திருக்கிறது. பேர்களை மாற்றி ஏதாவது பத்திரிகைக்கு அனுப்பலாமா என்று கேட்க ஜெயஸ்ரீயிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டு முழுவதும் படித்தார். "பஸ்ஸில நான் சிரிச்சேன்னு எழுதியிருக்கறீங்க. நான் எங்கீங்ண்ணா சிரிச்சேன்?" என்றார். அடித்துவிடுகிறேன் என்று கெஸியாவின் பேனாவை எடுத்தேன். அவர் இன்னொரு முறை அந்த வரியைப் படித்துவிட்டு, "இருக்கட்டுங்க" என்றார்.