ஹெப்ரான் சாரின் இணையதளத்தில் யாரும் வழி தவறியதில்லை

சொந்தமாக இணையதளம் வைத்திருப்பவர்களில் தனியாக ஓர் இனம் உண்டு. எழுத அவர்களிடம் விஷயம் இருக்கும், எழுதவும் தெரியும், நேரமும் கிடைக்கும். ஆனால் வாசகர் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு எப்படிப் போகவேண்டும் என்று முடிவு செய்யாமல் ஒரு வரியைக்கூடத் தளத்தில் ஏற்றமாட்டார்கள். ஏற்றிவிட்டுப் பிறகு யோசிக்கலாமே என்று கேட்டுவிடாதீர்கள். செருப்புக் காலோடு கோவிலுக்குள் வந்தவரைப் பார்ப்பதுபோல உங்களைப் பார்ப்பார்கள். ஊருக்கு ஒருவராவது இப்படி இருப்பார். பாளையங்கோட்டைக்கு ஹெப்ரான் சார்.

ஹெப்ரான் சார் கணக்கு வாத்தியார். ஒன்பது வருஷமாக, விடுமுறை நாளெல்லாம், நண்பர் தாஜ் முகம்மதுவை வண்டியின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, பாபநாசத்திலிருந்து ஆழ்வார்திருநகரி வரை தாமிரபரணிக் கரை நெடுகப் படித்துறை படித்துறையாக இறங்கி அளந்திருக்கிறார். எத்தனை படி, என்ன கல், எதில் எழுத்து வெட்டியிருக்கிறது, எது பிற்காலத்தில் செருகியது, எல்லாம் நோட்டில் இருக்கிறது. அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துப் பின்னால் நகர்ந்து நகர்ந்து தாஜ் முகம்மது இரண்டு தடவை ஆற்றில் விழுந்திருக்கிறார். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு படித்துறைகள். இந்த விவரம் வேறு யாரிடமும் கிடையாது.

இதை ஊருக்குக் கொடுக்கத்தான் இணையதளம். முதலில், இலவசமாக இடம் தருகிற ஒரு நிறுவனத்தில் தளத்தை வைத்தார். அவர்கள் திடீரென்று கடையைச் சாத்திவிட்டால்? தன் பெயரிலேயே இன்னோர் இடம் வாங்கினார். அதுவும் போய்விட்டால்? வீட்டிலிருக்கும் பழைய கணினியில் ஒரு பிரதி. மூன்று இடத்திலும் ஒரே மெனு, ஒரே சொல், ஒரே வழி. இதுதான் கொள்கை. வினையும் அதுதான்.

'முகப்பு' என்ற சொல்லைத் தொட்டால் முதல் பக்கத்துக்குப் போகவேண்டும், இல்லையா? அந்த இணைப்பின் முகவரிக்கு முன்னால் ஒரு சாய்கோடு போட்டால், அவர் பெயரிலுள்ள தளத்தில் ஒழுங்காகப் போகும். இலவச இடத்தில் அதே சாய்கோடு அந்த நிறுவனத்தின் விளம்பரப் பக்கத்தில் கொண்டுபோய்த் தள்ளும். வீட்டுக் கணினியில் எங்கேயும் போகாது. சாய்கோட்டை எடுத்துவிட்டால் முதல் பக்கத்தில் மூன்றும் சரி. நாலு பக்கம் உள்ளே போனதும் மூன்றும் தப்பு. அந்த ஒற்றைக் கோட்டைப் போட்டும் எடுத்தும் ஒரு மழைக்காலம் முழுக்கக் கழிந்தது.

அதற்கப்புறம் அம்புக்குறி. 'அடுத்த படித்துறை' என்றால் அகர வரிசையில் அடுத்ததா, ஆறு போகிற போக்கில் அடுத்ததா? ஆற்றின் போக்குதான் என்று முடிவு செய்து, வலப்பக்கம் கிழக்கு என்று விதி எழுதினார். நன்றாகத்தான் போயிற்று. ஆறு வடக்கே வளைகிற இடம் வந்ததும், அம்புக்குறியையும் மேல்நோக்கித் திருப்புவதா என்று மூன்று வாரம் அங்கேயே நின்றுவிட்டார். சரி, தென்கரைப் பக்கத்திலிருந்து வடகரைப் பக்கத்துக்கு எப்படிப் போவது? பாலம் இருக்கிற ஊரில் மட்டும் இணைப்புக் கொடுப்பதா?

"பாலம் இல்லாத ஊர்ல ஒரு பரிசல் படம் போடும் வே" என்றார் தாஜ் முகம்மது.

கேலிக்குத்தான் சொன்னார். ஹெப்ரான் சார் அதை முப்பத்தெட்டாம் விதியாக எழுதிக்கொண்டார்.

இப்படியிருக்க, ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் செந்தில்முருகன் என்ற பொறியாளர். கல்லிடைக்குறிச்சிக்குக் கிழக்கே ஒரு சின்னப் படித்துறையைப் புதுப்பிக்க வந்திருந்தார்.

"தாஜ் அண்ணாச்சிதான் உங்க நம்பர் குடுத்தாவ, சார். இங்கன பழைய கல்லு எது, பின்னால வச்சது எதுன்னு ஒண்ணும் வெளங்கல. நீங்க சொன்னீங்கன்னா பழசை அப்படியே விட்டுருவோம். மெஷினு வந்து நிக்குது. பதினோரு மணிக்குள்ள வேணும்."

ஹெப்ரான் சாருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒன்பது வருஷ உழைப்பை முதன்முதலாக ஒருவர் கேட்கிறார். நோட்டு எட்டுகிற தூரத்தில், குளிர்சாதனப் பெட்டியின் மேலேதான் இருந்தது. நீங்களோ நானோ என்றால் அதை எடுத்துப் புரட்டியிருப்போம். அவர் இணையதள முகவரியை அனுப்பினார். மூன்றாவது வீட்டுக் கணினி என்பதால், இரண்டை மட்டும்.

சற்று நேரத்தில் மறுபடி அழைப்பு. ஹெப்ரான் சார் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டார்.

"உள்ள வந்துட்டேன் சார். முகப்பு, ஆறு, படித்துறைகள், தென்கரை, எல்லாம் தெளிவா இருக்கு."

"முகப்புக்குத் திரும்பிப் போய்ப் பாருங்க. போவுதா?"

"போவுது சார்."

"அம்புக்குறி?"

"அதுவும் போவுது. ஆனா படித்துறைப் பக்கத்துல 'விரைவில்'னு மட்டுந்தான் சார் இருக்கு."

"அது கெடக்கட்டும். இப்ப ரெண்டாவது முகவரியில அதே எடத்துக்கு வாங்க பாப்போம்."

அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். தளத்துக்கு வந்த முதல் விருந்தாளி. செந்தில்முருகனும் மரியாதைக்காரர், சொன்ன இடமெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பத்தரை ஆயிற்று. பத்தே முக்கால் ஆயிற்று. பதினொன்று தாண்டியதும் மறுமுனையில் இயந்திரம் உறுமுகிற சத்தம் கேட்டது.

"ஐயோ சார், மேல ரெண்டு கல்லைப் பேத்துட்டாவ!"

அடுக்களையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி டார்லின் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தொலைபேசியை வாங்கினார்; இன்னொரு கையால் நோட்டைப் பிரித்தார்.

"தம்பி, மொதல்ல மெஷினை நிறுத்தச் சொல்லுங்க. எழுதிக்கிடுங்க. மேலேருந்து நாலு படி பழசு. அஞ்சும் ஆறும் சிமெண்டு, அதை எடுக்கலாம். ஏழாவதுல எடது ஓரமா எழுத்து இருக்கு. மண்ணு மூடியிருக்கும், பையத் தொடைச்சுப் பாருங்க."

மறுமுனையில் கல்லில் மண்ணைத் தேய்க்கிற சத்தம் கேட்டது.

"அம்மா... எழுத்து இருக்கும்மா. ரெண்டு வரி."

ஹெப்ரான் சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "மேல ரெண்டும் பழசுல்லா, டார்லின்?" என்றார்.

"பழசுதான்" என்றார் டார்லின். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மத்தியானமே தாஜ் முகம்மதுவையும் ஏற்றிக்கொண்டு ஓடினார். பெயர்த்த கற்கள் கரையில் கிடந்தன. நோட்டிலிருந்த அளவைப் படித்துப் படித்து, ஒன்றை அதே இடத்தில் அதே சாய்வில் வைக்கச் செய்தார். மற்றது இரண்டாக உடைந்திருந்தது. உடைந்த விளிம்பை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் குந்தியிருந்தார். தாஜ் முகம்மது அன்றைக்குக் கேலி பேசவில்லை.

அந்த வாரமே நூற்றுப் பன்னிரண்டு படித்துறைகளும் தளத்தில் ஏறிவிட்டன. டார்லின் தட்டச்சு செய்தார். ஒரே பக்கம்; மெனு கிடையாது, அம்பு கிடையாது; ஒன்றன்கீழ் ஒன்று. பெருவிரலால் தள்ளித் தள்ளி ஜனங்கள் படிக்கிறார்கள். ஹெப்ரான் சார் திருந்திவிட்டார் என்றா கேட்கிறீர்கள்? இவ்வளவு நீளமான பக்கத்துக்கு ஒரு பொருளடக்கமாவது வேண்டாமா என்று அவருக்குக் கை அரித்துக்கொண்டுதான் இருக்கிறது. டார்லின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சந்தோஷம். சிரித்து முடித்ததும் இந்தக் கட்டுரையை உங்கள் கணினியில் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். 'நகைச்சுவை' கோப்புறையில் வைப்பதா, 'கட்டுரைகள்' என்று புதிதாக ஒரு கோப்புறை தொடங்கி, அதற்குள் 'நெல்லை' என்று இன்னொன்று தொடங்குவதா என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், யோசித்தீர்களானால், உங்கள் வீட்டில் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.