பதினேழு இருமல் மிட்டாய்

ஏழாவது கேள்வியில்தான் வண்டி நின்றுபோனது.

‘உங்கள் துறையில் உள்ள குறைகளை விவரிக்கவும்’ என்று கேட்டிருந்தது மானிய விண்ணப்பம். பதிலுக்கு அரைப் பக்கம் இடம் விட்டிருந்தார்கள். வெல்டிங் ஆசிரியர் டெல்மர் ஸ்டம்போ அதில் ஒரே வார்த்தை எழுதியிருந்தார்: ‘இல்லை.’

கல்லூரிக்கு எங்கிருந்தெல்லாம் மானியம் கிடைக்கும் என்று தேடி விண்ணப்பம் அனுப்புவது நெவா காம்ப்ஸின் வேலை. டெல்மரோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். தாளை மேசையில் வீசினார்.

“ஏன்டா டெல்மர், குறை இல்லாதவனுக்கு எதுக்குடா மானியம்?”

“இல்லாததை எப்படி எழுதுறது?”

“புகையை இழுக்குற காத்தாடி செத்து ரெண்டு வருசமாச்சு. பதினாறு பிள்ளைங்க புகைக்குள்ள நின்னு வெல்டிங் பண்ணுதுங்க. அதுக்குப் பேர் என்ன?”

“கதவைத் தொறந்து வச்சிருக்கேனே.”

“பிப்ரவரி மாசத்துல!”

“கோட்டு போட்டுக்குறாங்க.”

டெல்மரைக் குறை சொல்லிப் பயனில்லை. கென்டக்கி மலையில் நிலக்கரிச் சுரங்கப் பட்டறை ஒன்றில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். அங்கே ‘முடியவில்லை’ என்று வாயைத் திறந்தவன் மறுநாள் வர வேண்டியதில்லை. ஒருமுறை விரல் நசுங்கியபோதுகூட, “இன்னொரு கை இருக்கு” என்றுதான் மேலாளரிடம் சொன்னார். அதன் பிறகும் மூன்று மணி நேரம் வேலை பார்த்தார்.

ஆனால் இப்போது பாதுகாப்பு ஆய்வாளர் கெடு வைத்துவிட்டார். ஜூனுக்குள் புதிய காற்றாடி, இல்லையென்றால் பட்டறைக்குப் பூட்டு. பூட்டினால் பதினாறு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சுற்றுவட்டாரத்தில் இரண்டு மணி நேரத் தொலைவுக்கு வேறு எங்கும் இந்தத் தொழிலைச் சொல்லித்தருகிறவர்கள் இல்லை.

நெவாவே ஏழாவது கேள்விக்கு ஒரு பக்கம் எழுதினார். புகை, இருமல், எல்லாவற்றையும். டெல்மர் திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் போலத் தலையைக் குனிந்து கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. மானியம் தரும் அறக்கட்டளையிலிருந்து வியாழக்கிழமை ஒரு அம்மா வந்து நேரில் பார்ப்பார்.

ஆள் வருகிறார்கள் என்றதும் டெல்மருக்குக் கை பரபரத்தது. பட்டறைக்கு வெளியாள் வருகிறார் என்றால் கூட்டித் துடைத்து வைக்க வேண்டும். சுரங்கத்தில் அப்படித்தான் பழக்கம். செவ்வாய்க்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுவர் முழுக்க வெள்ளை அடித்தார். அடித்து முடித்ததும் செத்த காற்றாடி கண்ணை உறுத்தியது. தன் வீட்டுச் சூடேற்றியிலிருந்து மோட்டாரைக் கழற்றி வந்து மாட்டினார்.

காற்றாடி ஓடியது. ஆனால் தலைகீழாக ஓடியது. குழாயில் இரண்டு வருடமாக அடைந்திருந்த கரி மொத்தமும் ஈரச் சுவரில் வந்து அப்பியது.

மாணவி டெஸ்ஸா முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். “வாத்தியாரே, இப்பத்தான் நம்ம பட்டறை மாதிரி இருக்கு. இப்படியே விட்டுடலாம்.”

“வாயை மூடிட்டு பிரஷ்ஷை எடு.”

புதன்கிழமை மறுபடி வெள்ளையடிப்பு. கம்பியை மாற்றிக் கொடுத்ததும் காற்றாடி நேராகச் சுற்றியது. புகையை இழுக்கவில்லை, ஆனால் பார்க்க அழகாகச் சுற்றியது. வியாழக்கிழமை யாரும் வெல்டிங்கைத் தொடக் கூடாது, வெறும் பாடம்தான் என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் மனைவி ஓப்பல் கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு சோள ரொட்டி பரிமாறினார். “அந்தம்மா பட்டறையைப் பாத்துட்டு அப்படியே இங்கயும் ஒரு எட்டு வரட்டும். குறையெல்லாம் இப்ப இங்கதான் இருக்கு.”

வெள்ளையடிக்க முடியாதது ஒன்றுதான் பாக்கி. அதற்கும் வியாழக்கிழமை காலை ஒரு பை இருமல் மிட்டாய் வாங்கி வந்தார். ஆளுக்கு ஒன்று கொடுத்தார். தானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

“அவங்க வண்டி பாலம் தாண்டுற வரைக்கும் ஒருத்தரும் இருமக் கூடாது.”

“இருமல் வந்துட்டா?” என்றாள் டெஸ்ஸா.

“முழுங்கு.”

நெவா வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்னடா இது, ஆஸ்பத்திரியா?”

“வெளியாள் வர்றாங்கல்ல.”

“கடன் கேக்கப் போறவன் கல்யாணக் கோட்டை மாட்டிக்கிட்டா போவான்? அந்த மோட்டாரைக் கழட்டித் தொலைடா!”

டெல்மர் ஏணியில் ஏறி ஸ்பேனரைப் போடவும் வாசலில் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

வந்தவர் திருமதி ஹாசல்டன். நரைத்த தலை, கனத்த காலணி. பின்னால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு கிளைடு என்ற உதவியாளர். அந்த அம்மா சுவரையும் பார்க்கவில்லை, காற்றாடியையும் பார்க்கவில்லை. பட்டறை நடுவில் போய் நின்றார்.

“புகைன்னு விண்ணப்பத்துல எழுதியிருக்கே?”

“அது கொஞ்சம் கூட்டி எழுதுனதும்மா. நாங்க சமாளிச்சுக்குவோம்” என்றார் டெல்மர்.

நெவா முன்னால் வந்தார். “இல்லம்மா, இந்தப் பிள்ளைங்க...”

“நீங்க எழுதினதைப் படிச்சுட்டேன். இங்க நிக்கிறவங்க சொல்லட்டும்.” பிள்ளைகள் பக்கம் திரும்பினார். “யாருக்காவது மூச்சு வாங்குதா?”

பதினாறு தலைகள் ‘இல்லை’ என்று ஆடின. வாயைத் திறக்கத்தான் முடியாதே. டெஸ்ஸாவின் முகம் பழுக்கக் காய்ச்சிய இரும்பாக இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அந்த அம்மா அவள் எதிரிலேயே வெகுநேரம் நின்றார்.

“உங்களைப் பாத்ததுல பிள்ளைக்கு ரொம்பச் சந்தோசம்” என்றார் டெல்மர்.

அடுத்த கல்லூரிக்கு நேரமாகிறது என்று கிளைடு இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். டெல்மர் நெவாவின் காதில் கிசுகிசுத்தார்: “பாத்தியா, கிளம்பவே மனசில்ல அவங்களுக்கு.”

ஒரு மணி நேரம் ஆனது. கடைசியாக அவர் டெல்மரிடம் வந்தார். குரல் தாழ்ந்திருந்தது. “உங்களுக்கு?”

டெல்மரின் நெஞ்சுக்குள் ஏதோ கிளம்பி மேலே வந்தது. மிட்டாயோடு சேர்த்து அதை விழுங்கினார்.

“குதிரை மாதிரி இருக்கேம்மா.”

அந்த அம்மா கிளைடிடமிருந்து ஃபைலை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

கார் பாலத்தைத் தாண்டியதும் பட்டறையே வெடித்தது. பதினாறு பேரும் குனிந்து, மேசையைப் பிடித்து, ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்து இருமினார்கள். டெல்மர் இருமி இருமித் தரையில் உட்கார்ந்துவிட்டார். இருமலுக்கு நடுவே சிரித்தார்கள். டெஸ்ஸா கைக்குட்டையைப் பார்த்தாள். சட்டென்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

“ஜெயிச்சுட்டோம்” என்றார் டெல்மர், மூச்சு வந்ததும்.

பத்து நாளில் கடிதம் வந்தது. நேரில் பார்த்ததில் தேவை உறுதிப்படவில்லை. இந்த வருடப் பணம் முழுவதும் வேறொரு கல்லூரிக்குப் போய்விட்டது.

நெவா போன் போட்டார். எடுத்தது கிளைடு. டெல்மர் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

“சார், அந்தச் சுவரைப் பாத்து ஏமாந்துட்டீங்க. அது முந்தின நாள் அடிச்ச வெள்ளை. காத்தாடி மோட்டார் என் வீட்டோடது. நாந்தான் தப்பு பண்ணேன்.”

கிளைடு இடைமறித்தார்.

“சுவத்தை யாரு சார் பாத்தா? ஹாசல்டன் அம்மாவோட அப்பாவும் வெல்டர்தான், உங்களுக்குத் தர்றதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்தாங்க; விதிப்படி நேர்ல ஒரு ஆதாரம் வேணும், அதுக்கு உங்கள்ல யாராவது ஒருத்தர் ஒரே ஒரு தடவை இருமிட மாட்டீங்களான்னுதான் ஒரு மணி நேரம் அங்கயே நின்னாங்க.”